மலையேறும் காது: சதுரகிரிப் பாதையில் பாட்டும் மலையோசையும்

1. கேள்வி

ஆடி அமாவாசையன்று சதுரகிரி மலையின் அடிவாரமான தாணிப்பாறையில் நின்று பார்ப்பவர், மலையேறப் புறப்படும் கூட்டத்தில் மூன்று வகையினரைக் காணலாம். சிவநாமத்தை ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லி ஏறும் குழுவினர் ஒரு வகை. தோள்பையில் புளூடூத் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டுப் பக்திப் பாடலையோ சினிமாப் பாடலையோ ஒலிக்கவிட்டு ஏறும் இளைஞர்கள் இன்னொரு வகை. காதில் இயர்போனைச் செருகி, பேச்சில்லாமல் தனியே ஏறுபவர்கள் மூன்றாம் வகை. எல்லோரும் கடப்பது ஒரே வழுக்குப்பாறையைத்தான், ஒரே ஓடைகளைத்தான். மலை அவர்கள் காதில் என்னவாக விழுகிறது என்பதில்தான் வேறுபாடு.

மலையில் பாட்டுக் கேட்கலாமா, மலையின் அமைதியைக் கேட்க வேண்டுமா என்ற விவாதம் பல நாடுகளில் நடக்கிறது. பனிச்சறுக்கு விளையாட்டில் தலைக்கவசத்துக்குள்ளேயே சிறு ஒலிபெருக்கியைப் பொருத்திக்கொண்டு சரிவில் இறங்குவோர் உண்டு. பின்னால் வருபவரின் ஓசை கேட்காது என்பதாலும், பனிமலையின் அமைதி வேறெங்கும் கிடைக்காது என்பதாலும் அதை மறுப்போரும் உண்டு. அங்கே இது பெரும்பாலும் தனிமனித விருப்பம் பற்றிய பேச்சு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில் இதையே கேட்டால் வழிபாடு, யானை, காட்டாறு, மலையில் வாழும் பளியர், அடிவாரத்து ஆலைத் தொழிலாளர் என எல்லோரும் விடைக்குள் வந்துவிடுகிறார்கள்.

‘இசையா, அமைதியா’ என்று கேட்பதே நம்மைத் தவறான இடத்தில் நிறுத்துகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மலை ஒருபோதும் அமைதியாக இருந்ததில்லை. தமிழர் பாட்டில்லாமல் மலையேறியதும் அரிது. நடக்கும்போது காது எதற்காக, நிற்கும்போது எதற்காக என்ற பகுப்பு ஒன்று பழைய மலைவழக்கில் இருந்தது. கையடக்கக் கருவிகள் அழித்தது அந்தப் பகுப்பைத்தான்.

2. மலைபடுகடாம் காட்டும் ஒழுங்கு

மலையில் இசை பற்றித் தமிழில் பேசத் தொடங்குபவர் மலைபடுகடாத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. பத்துப்பாட்டுள் ஒன்றான இந்நூல் 583 அடிகள் கொண்டது. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். களம் நம் மலையன்று, இன்றைய செங்கம் பக்கத்து நவிரமலை. ஆயினும் நம் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம். ஏனெனில் இது மலையேறிச் செல்லும் இசைக்கலைஞர்களுக்குச் சொன்ன வழிகாட்டல்.

நூலின் தொடக்கத்திலேயே முழவு, ஆகுளி, தாளம், கொம்பு, குழல் என்று கருவிகளின் நீண்ட வரிசை வருகிறது. அவை அங்கே ஒலிக்கவில்லை. பைகளில் கட்டப்பட்டுத் தோளில் தொங்குகின்றன. வழி சொல்பவன் இடையில் தரும் எச்சரிக்கைகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்ளலாம். கடவுள் உறையும் இடங்களைக் கண்டால் தொழுது கடந்துவிடுங்கள், வீணே கருவிகளைத் தொடாதீர்கள், மழை கொட்டும் மலை அது என்கிறான். அடுத்து, மயில் ஆடினாலும், மூங்கிலில் குரங்கு தாவினாலும், உயர்ந்த பாறையில் தேனடை தொங்கினாலும் நடந்துகொண்டே திடுமென அண்ணாந்து பார்க்காதீர்கள், கால் தவறிவிடும் என்கிறான். கண்ணுக்கு ஒரு கட்டுப்பாடு, கைக்கு ஒரு கட்டுப்பாடு.

இதனால் நூல் மலையில் இசையை விலக்குகிறது என்று கொள்வது தவறு. வேறோர் இடத்தில் குறிஞ்சிப் பண்ணைப் பாடி, கைதொழுது, வாழ்த்திவிட்டு மேலே செல்லுங்கள் என்றும் அதே குரல் சொல்கிறது. பாட்டுக்கு ஓர் இடமும் நேரமும் உண்டு. பாடிய பின் நடக்க வேண்டும்.

எச்சரிக்கையைத் தெய்வ அச்சம் என்று மட்டும் படிப்பதும், மழைக்கால வழுக்கலை அறிந்த நடைமுறை அறிவு என்று மட்டும் படிப்பதும் எனக்குக் குறைபட்ட வாசிப்புகளாகவே தோன்றுகின்றன. மலைவாழ் மக்களின் விதிகளில் இவ்விரண்டும் பிரிந்து கிடப்பதில்லை. தெய்வத்தின் இடம் என்று சொல்லப்படும் பாறை பெரும்பாலும் கவனம் தேவைப்படும் பாறையாகவும் இருக்கிறது. சதுரகிரிப் பாதையிலும் இதைப் பார்க்கலாம். ஏற்றத்தின் இடையிடையே கருப்பசாமி, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடி கருப்பசாமி என்று நின்று கும்பிடும் இடங்கள் வருகின்றன. மூச்சு வாங்கவும், பின்தங்கியவரை எண்ணிப் பார்க்கவும், பாடவும் ஏற்ற இடங்கள் அவையே.

நூலின் நடுப்பகுதி மலையில் எழும் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. அருவி, பிரிந்த யானையின் பிளிறல், புலி தாக்கிய கணவனின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு, குட்டியை இழந்த மந்தியின் கதறல், தேன் எடுத்த குறவரின் ஆரவாரம், தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு எல்லாம் அதில் உண்டு. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசையை மதமாகவும் உருவகித்தே நூலுக்குப் பெயர் அமைந்தது. இவ்வரிசையில் மனித ஓசையும் விலங்கின் ஓசையும் நீரின் ஓசையும் பிரிக்கப்படவே இல்லை. அமெரிக்க ஒலிப்பதிவாளர் பெர்னி கிராஸ் காட்டோசையை உயிர்கள் எழுப்புவது, காற்றும் நீரும் எழுப்புவது, மனிதர் எழுப்புவது என மூன்றாகப் பகுத்தார். ஆய்வுக்கு அது பயனுள்ள பகுப்பு. ஆனால் மனிதரின் ஓசை எப்போதும் மலைக்கு அயலானது என்ற எண்ணம் அதனூடே நுழைந்துவிடுகிறது. பெருங்கௌசிகனாரின் பட்டியலில் கொடிச்சியின் பாட்டு மலைக்கு உரியது. வெளியிலிருந்து வரும் கூத்தரின் முழவுதான் கட்டுப்பாட்டுடன் நுழைய வேண்டியது.

3. அடிவாரத்தின் இரைச்சல்

மலையேறுபவர் எந்த ஓசையிலிருந்து வருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்குப் பின் இந்த ஊர் நூற்பாலைகளின் ஊராக வளர்ந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் தெருத்தெருவாக ஓடுகின்றன. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதே நம் நாட்டில் ஆலை இரைச்சலுக்குப் பொதுவாக வைக்கப்படும் உச்சவரம்பு. விசைத்தறிக் கூடங்களில் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். இத்தகைய இரைச்சலில் ஷிப்ட் முடித்து வருபவரின் கேள்திறன் பல மணி நேரம் மழுங்கியே இருக்கும். ஓய்வில் மெல்லத் திரும்பும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் திரும்பாது.

ஞாயிற்றுக்கிழமை அய்யனார் அருவிக்கோ செண்பகத்தோப்புக்கோ வருபவர்களில் இப்படிப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு மலையின் அமைதி காதுக்கான மருத்துவம். ஆனால் மழுங்கிய காதுக்கு மெல்லோசை கேட்பதில்லை. அதனால் மலை வெறுமையாகத் தோன்றலாம். வெறுமையை நிரப்பப் பாட்டைச் சத்தமாக வைப்பதும் இயல்பே. ஸ்பீக்கர் தூக்கி வரும் இளைஞரை நாகரிகமற்றவர் என்று ஏசுவோர் இந்த உடலியல் உண்மையைக் கணக்கில் எடுப்பதில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே பாட்டைக் கேட்டுப் பழகியவருக்கு அந்த அளவே இயல்பான அளவாகிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் மரபு வேறு ஒன்றை நினைவூட்டுகிறது. ஆண்டாளின் திருப்பாவையில் 6, 7ஆம் பாசுரங்கள் விடியலைக் காட்டுவது ஓசைகளால். பறவைகளின் குரல், கோயில் சங்கு, அடியார்களின் நாமம், தயிர் கடையும் அரவம் ஆகியவற்றைச் சொல்லி, இதெல்லாம் உனக்குக் கேட்கவில்லையா என்று தோழியை எழுப்புகிறாள். இறைவன் பெயரும் பறவையின் பேச்சும் ஒரே காதில் விழுகின்றன. ஒன்று மற்றொன்றை அமுக்கவில்லை. மார்கழி விடியலில் குழாய் ஒலிபெருக்கி வழியே அந்தப் பாசுரங்கள் வரும்போது, அவற்றில் சொல்லப்பட்ட கரிச்சானின் குரலைத் தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

4. பளியர் பற்றிய ஆய்வும் ஒரு தயக்கமும்

செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில், தாணிப்பாறைப் பகுதிகளில் பளியர் வாழ்கின்றனர். மலையோசையைக் கேட்டு வாழ்வதில் அவர்களைவிடத் தேர்ந்தவர் இங்கில்லை. தேன் எடுக்கவும் கிழங்கு அகழவும் காட்டுக்குள் செல்பவருக்குக் கேட்டல் என்பது தொழிற்கருவி.

மானிடவியலர் பீட்டர் கார்ட்னர் 1960களில் தமிழ்நாட்டு மலைகளில் பளியரிடையே களப்பணி செய்தார். 1966இல் வெளியான கட்டுரையில் அவர்கள் மிகக் குறைவாகப் பேசுபவர்கள் என்றும், நாற்பது வயதளவில் ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறார்கள் என்றும் எழுதினார். மொழியியல் மானிடவியலில் டெல் ஹைம்ஸ் இதை எடுத்துக்காட்டாக்கிய பின், பேச்சு எல்லாச் சமூகங்களிலும் ஒரே இடம் பெறுவதில்லை என்பதற்குப் பளியர் ஒரு நிலையான சான்றாகிவிட்டனர்.

இந்தச் சான்றைத் தயக்கத்துடனேயே ஏற்க வேண்டும். வெளியாளின் முன் மௌனம் காப்பது ஒரு தற்காப்பும்கூட. வனத்துறை, வியாபாரி, தோட்ட முதலாளி ஆகியோரோடு நெடுங்காலம் புழங்கிய சமூகம் யாரிடம் எவ்வளவு பேசுவது என்று அறிந்தே இருக்கும். பழனி மலைப் பளியரை ஆராய்ந்த கிறிஸ்டர் நார்ஸ்ட்ரம் 2003இல் எழுதிய நூல், அவர்கள் தம் தன்னாட்சியைக் காத்துக்கொள்ள வெளியுலகோடு எப்படி உறவாடினார்கள் என்பதைப் பேசியது. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் ‘மௌனமான பழங்குடி’ என்ற படம் பாதி நம் கற்பனை. மலை அமைதியின் அடையாளமாக அவர்களை நிறுத்துவது அவர்களுக்கு நாம் செய்யும் நியாயமன்று. அவர்கள் தம்முள் பேசவும் பாடவும் ஆடவும் செய்கிறார்கள். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கிறார்கள் என்பதே கற்றுக்கொள்ளத்தக்கது.

5. காட்டுக்கு என்ன ஆகிறது

சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் 51ஆவது. பரப்பு ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர். சதுரகிரிப் பாதை இந்தக் காட்டைக் கிழித்துக்கொண்டு ஏறுகிறது.

இங்குள்ள உயிர்களுக்கு ஓசை வாழ்வாதாரம். அணில் எச்சரிக்கைக் குரல் எழுப்பினால் பக்கத்து மரங்களுக்கும் செய்தி போகும். மிளாவின் கூப்பாடு சிறுத்தையோ புலியோ நடமாடுவதைக் காட்டிக்கொடுக்கும். கருமந்தியின் ஹூங்காரம் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு எல்லை சொல்லும். யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஓசையிலும் பேசுகின்றன. ஆசிய யானைகளிடம் இதை 1984இல் கேட்டி பெயின் உணர்ந்து, பிறகு சக ஆய்வாளர்களோடு கருவிகளால் உறுதிசெய்தார்.

வெளியோசை இவற்றை என்ன செய்யும்? இரண்டு ஆய்வுகள் இங்கே முக்கியம். நெதர்லாந்தின் லைடன் நகரில் ஸ்லாபெகூர்ன், பேட் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் பட்டாணிக்குருவி வகை ஒன்று தன் பாட்டின் தாழ்ந்த சுருதியை உயர்த்திப் பாடுவது தெரியவந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில் வாகன இரைச்சலை மட்டும் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கவிட்டார்கள். வலசை வரும் பறவைகள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன (2013). தங்கிய பறவைகள் சிலவற்றின் உடல் எடையும் போதிய அளவு கூடவில்லை (2015). வாகனமும் புகையும் இல்லாமல் ஓசை ஒன்றே போதுமானதாக இருந்தது.

இவற்றை அப்படியே சதுரகிரிக்குப் பொருத்த முடியாது. அங்கே அளக்கப்பட்டது இடைவிடாத சாலை இரைச்சல். இங்கே அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தையொட்டிக் குவிந்து, இடையில் தணியும் ஓசை. விட்டுவிட்டு வரும் இரைச்சலுக்குச் சில விலங்குகள் பழகிவிடலாம். அந்த நாட்களில் அந்தச் சரிவையே விட்டு விலகிப்போகவும் செய்யலாம். ஆள் கூட்டமே ஓசையோடு வருவதால், ஸ்பீக்கரின் விளைவு எது, கூட்டத்தின் விளைவு எது என்று பிரிப்பதும் எளிதல்ல. பக்தர் கூட்டத்தின் மொத்தத் தாக்கத்தையும் ஒரு ஸ்பீக்கரின் தலையில் சுமத்துவது அறிவியலாகாது. ஆனால் பாதையோரத்திலேயே அந்த ஸ்பீக்கர் தேவையில்லாத ஒரு கூடுதல் சுமை. அதை நீக்கினால் வழிபாட்டுக்கு எந்த இழப்பும் இல்லை.

6. ஸ்பீக்கர் வேறு, இயர்போன் வேறு

இந்த விவாதத்தில் இரு கருவிகளையும் ஒன்றாகக் கட்டுவதே பெரிய குழப்பம். ஸ்பீக்கர் பிறர் காதில் நுழைகிறது, கேட்பவரின் காதையும் பாதி திறந்தே வைக்கிறது. இயர்போன் காட்டைத் தொந்தரவு செய்வதில்லை, ஆனால் அணிந்தவரைக் காட்டிலிருந்து துண்டிக்கிறது. முன்னதில் ஊறு பிறருக்கு, பின்னதில் தனக்கு.

இயர்போனின் பக்கம் சொல்லத்தக்க நியாயங்கள் உண்டு. சோனி வாக்மேன் 1979இல் வந்த சில ஆண்டுகளில், ஜப்பானிய அறிஞர் சூஹேய் ஹோசோகாவா 1984இல் எழுதிய கட்டுரையில், நடந்துகொண்டே கேட்பவர் தன்னைச் சுற்றியுள்ள இடத்துக்குப் புதிய பொருள் தருகிறார் என்று வாதிட்டார். ஆய்வாளர் மைக்கேல் புல் நகரவாசிகளிடம் பேசி எழுதியவை, ஐபாட் அணிந்தவர் தம் மனநிலையையும் நேரத்தையும் தாமே ஆள விரும்புவதைக் காட்டின. இருவரின் களமும் நகரம். பேருந்திலும் தெருவிலும் வேண்டாத ஓசைக்கு எதிரான அரணாக அது நியாயம் பெறுகிறது. மலைப்பாதையில் நாம் யாரை எதிர்த்து அரண் கட்டுகிறோம்?

உடற்பயிற்சி ஆய்வுகளும் பாட்டுக்குச் சாதகமாகப் பேசுகின்றன. நடையின் தாளத்தோடு பொருந்தும் இசை, மிதமான உழைப்பில் களைப்பைக் குறைத்துக் காட்டுகிறது. உழைப்பு கடுமையாகும்போது அந்தப் பயன் மங்குகிறது. உடல் தன் வலியைத்தான் கேட்கத் தொடங்கும். சதுரகிரியின் செங்குத்தான ஏற்றங்களில் நிகழ்வது இதுவே. இசை துணை தராத அந்த இடங்களில்தான் காது மிகவும் தேவைப்படுகிறது.

அதற்குக் காரணம் நீரும் யானையும். 2015 மே மாதத்தில் மலையில் பெய்த திடீர் மழையால் ஓடைகளில் காட்டாற்று வெள்ளம் பெருகி, சதுரகிரி சென்ற பக்தர்கள் உயிரிழந்தனர். மேலே பெய்யும் மழை கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓடையின் ஓசை தடித்து, கற்கள் உருளும் ஒலி கலக்கும்போது கரையேற வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் காதுக்கே கிடைக்கும். யானையும் அப்படியே. ஒடியும் மூங்கிலின் சத்தம், காது விசிறும் ஓசை, வயிற்றிலிருந்து எழும் உறுமல் ஆகியவை புதர் மறைத்த யானையை முன்னரே சொல்லிவிடும். மலையே சில இடங்களில் காதை மூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மீன்வெட்டிப் பாறை அருவியருகே நிற்பவருக்கு அருவியைத் தவிர ஏதும் கேட்காது. அங்கே அனுபவம் உள்ளவர் கண்ணை நம்புவார், அடிக்கடி சுற்றிலும் பார்ப்பார். இயர்போன் அணிந்தவர் வழி முழுவதையும் அருவியருகே நிற்பவராகவே கடக்கிறார், ஆனால் அந்த எச்சரிக்கை உணர்வு இல்லாமல்.

இளையராஜாவின் பாடலைக் காதில் செருகிக்கொண்டு இந்தக் காட்டில் நடப்பவர், அதை இயற்றியவர் இதே மலைத்தொடரின் மறுபக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் என்பதை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பாடலை வீட்டில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சீகாரப் பூங்குயில் ஓடைக்கரையில் விசிலடிப்பதை இங்கே மட்டும்தான் கேட்க முடியும்.

குழுவாகச் சிவநாமம் சொல்லி ஏறுவோரை நான் இந்த இருவருடனும் சேர்க்கவில்லை. அவர்கள் மூச்சு வாங்கும்போது நிறுத்துகிறார்கள். பாறையில் ஏறும்போது தானாகவே அடங்குகிறார்கள். மனிதத் தொண்டைக்கு மலை விதிக்கும் வரம்பு உண்டு. மின்கலத்துக்கு அது இல்லை.

7. நடைமுறை

ஒலி மாசு விதிகள் 2000 அமைதி மண்டலத்தை மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றியே முதன்மையாக வரையறுத்தன. புலிகள் காப்பகத்துப் பாதைக்கு அதிலிருந்து நேரடி விடை கிடைக்காது. வனத்துறை தாணிப்பாறையில் பிளாஸ்டிக்கைச் சோதிக்கிறது. அதே வாயிலில் ஸ்பீக்கரையும் வாங்கி வைத்து, இறங்கும்போது திருப்பித் தரலாம். இயர்போனுக்குத் தடை தேவையில்லை. தன் உயிர் பற்றிய எச்சரிக்கை போதும். அதை ஓடைகளைக் கடக்கும் இடங்களிலேயே எழுதி வைக்க வேண்டும்.

அறிவிப்புப் பலகையால் பயனில்லை என்பவர்களுக்கு ஒரு சான்று: கலிபோர்னியாவின் மியூர் வுட்ஸ் காட்டில் ‘இது அமைதிப் பகுதி’ என்ற பலகைகளை வைத்து அளந்தார்கள். பார்வையாளர் எழுப்பும் ஓசை ஏறத்தாழ 3 டெசிபல் குறைந்தது (2011). எண் சிறிதாகத் தோன்றும். ஒலியாற்றல் பாதியாகக் குறைவதற்கு அது சமம். அங்கே யாரும் அபராதம் விதிக்கவில்லை.

தடைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நின்று பாடும் இடங்களை மீட்பது. கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், கோயில் வளாகம் ஆகியவற்றைப் பாட்டுக்குரிய இடங்களாகக் கோயில் நிர்வாகமும் வனத்துறையும் சேர்ந்து குறித்தால், இடைப்பட்ட நடையில் அமைதி கேட்பது பக்தருக்கு எதிரான கட்டளையாகத் தோன்றாது. எந்த இடம், எந்தப் பருவம் என்பதில் தாணிப்பாறைப் பளியரின் சொல்லுக்கே முதலிடம் தர வேண்டும். எந்த மாதம் எந்த ஓடையில் யானை இறங்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

இதற்கு முன்பாக ஒரு வேலை செய்யலாம். ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் கல்லூரிகள் இருக்கின்றன. தாணிப்பாறை, கோரக்கர் குகை, பக்தர் செல்லாத செண்பகத்தோப்பு ஓடை ஒன்று என மூன்று இடங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, ஆடி அமாவாசை வாரத்தையும் அதற்கு முந்தைய வாரத்தையும் இரவு பகலாகப் பதிந்தால், விடியலில் எந்தப் பறவைகள் குரல் கொடுத்தன, எவை நிறுத்தின, எத்தனை நாளில் திரும்பின என்று எண்ணலாம். ஒப்பீட்டுக்கு ஸ்பீக்கர் அனுமதித்த ஓர் ஆண்டும் வாயிலில் வாங்கி வைத்த ஓர் ஆண்டும் கிடைத்தால், கூட்டத்தின் ஓசையையும் கருவியின் ஓசையையும் பிரித்துப் பார்க்கும் வழியும் திறக்கும்.